மாதிரிப் பெட்டி

மார்ச் 9

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். உன் வயித்துவலி எப்படி இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடுறியா, இல்லை டீயைக் குடிச்சே பொழுதை ஓட்டுறியா?

போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நான் வாயைத் திறக்குறதுக்குள்ளே "சரிக்கா, வேலை இருக்கு, வைக்கட்டுமா"ன்னு வச்சிடுறே. லெட்டரை நடுவுல வைக்க முடியாது பாரு, அதான் பேப்பரும் பேனாவுமா உட்கார்ந்துட்டேன்.

சோலார் வந்துடுச்சுடா! உங்க கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் வந்து, கூரை மேலே ஏறி, பேனலை மாட்டி, வீட்டுக்குள்ளே சுவத்துல பேட்டரிப் பெட்டியை வச்சுட்டுப் போனாங்க. பெட்டியில ஒரு சின்ன விளக்கு. தவணை கட்டியிருந்தா பச்சை, கட்டலைன்னா சிவப்பு, சிவப்பு வந்தா கரண்ட் நின்னுடும்னு சொன்னாங்க. சிவப்பு எப்படி இருக்கும்னு காட்டச் சொன்னேன், "வேண்டாம்மா, நல்ல நாளும் அதுவுமா"ன்னு சிரிச்சாங்க.

தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியாச்சு. இத்தனை வருஷமா மிதிச்ச காலுக்கு இப்போ வேலை இல்லாம என்ன பண்றதுன்னே தெரியலை, சும்மா ஆடிக்கிட்டே இருக்கு. நம்ம பெரியவ ராத்திரி உட்கார்ந்து ஸ்கூல் பாடம் படிக்கிறா. மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். மெயின் ரோட்டோட நின்னுபோன கரண்ட் கம்பம் இந்தச் சந்துக்குள்ளே வரும் வரும்னு காத்திருந்து எனக்குத் தலைதான் நரைச்சுது.

சந்துல எல்லா வீட்டுக்காரங்களும் வாங்கிட்டாங்க. எல்லாம் என் வாய்தான். "என் தம்பி வேலை பார்க்குற கம்பெனி, ஏமாத்த மாட்டாங்க"ன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். முதல்ல கையெழுத்துப் போட்டது பக்கத்து வீட்டு வெண்கலம். அவளை உனக்கு ஞாபகம் இருக்கும், இங்கே கத்தினா பஸ் ஸ்டாண்டுல திரும்பிப் பார்ப்பாங்களே, அவதான். "உன் தம்பின்னா எனக்கும் தம்பிதான்டி"ன்னு சொல்லிட்டுப் போட்டா. முட்டைக்குச் சூடு குடுத்துக் குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கா. புருஷன் போனதுல இருந்து அவ இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததில்லை.

அங்கே உனக்கு என்ன வேலைன்னு எல்லாரும் கேக்குறாங்க. கணக்குப் பார்க்குறான்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானே?

மாமா லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருக்கார். வந்ததும் உன்னை விசாரிச்சதாச் சொல்றேன். உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. வயித்துவலி பரவாயில்லை. மாமாவுக்கு இடுப்புவலி எப்படி இருக்கு? பெரியவளை ரொம்ப நேரம் கண் முழிக்க விடாதே.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லத் தெரியலை. நம்ம சந்துல வெளிச்சம்! ஆபீஸ்ல பெரிய திரை ஒண்ணு இருக்கு. எங்க பெட்டி இருக்கிற ஒவ்வொரு வீடும் அதுல ஒரு புள்ளி. தினமும் காலையில வந்ததும் உன் புள்ளியைத்தான் முதல்ல தேடுறேன். பச்சையா இருக்கும். பக்கத்து சீட்டுக்காரன், "என்னடா, காதலியோட போட்டோவா?"ன்னு கேக்குறான்.

இன்னொரு சேதி. வெளிநாட்டுல இருந்து கம்பெனிக்குப் பெரிய முதலீடு வந்திருக்கு. நேத்து ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. இத்தனை நாளா எங்க முதலாளி பேங்க் பேங்கா ஏறி இறங்குவார், கூரையில போடுற பேனலுக்கு யாரு கடன் தருவாங்கன்னு விரட்டுவாங்க. வீட்டையோ நகையையோ அடகு வைக்கிறதுக்குத்தான் அவங்ககிட்ட கதவு திறக்கும். இப்போ இந்த மாதிரிக் கடனுக்குன்னே தனி ஆட்கள், தனிப் பணம் வந்தாச்சு. இனிமே மாசத்துக்கு எத்தனை கூரைன்னு எங்களுக்கே கணக்கு இல்லை. எனக்கும் சம்பளம் கொஞ்சம் கூடியிருக்கு.

கணக்குப் பார்க்குறதுன்னே சொல்லு. கிட்டத்தட்ட அதுதான்.

வெண்கலம் அக்காவை விசாரிச்சதாச் சொல்லு. குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லு.

உன் அன்புத் தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

அக்கா. எல்லாரும் இருக்கோம். நீ எப்படி இருக்கே? மழை அங்கேயும் இப்படித்தான் கொட்டுதா?

மழை ஆரம்பிச்சதுல இருந்து சந்துல யாருக்கும் சரியா வேலை இல்லை. கொத்து வேலைக்குப் போறவங்க வீட்டுல உட்கார்ந்திருக்காங்க. எனக்குத் துணிக்கடைக்காரர் பழைய பாக்கியே தரலை. தவணை எல்லா வீட்டுலயும் தள்ளிப் போயிடுச்சு. முன்னாடி உங்க வசூல்காரர் சைக்கிள்ல வருவார். ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "சரி, அடுத்த வாரம் குடுங்க"ன்னு போவார். ரெண்டு மூணு வாரம்கூடப் பொறுத்திருக்கார். இப்போ அவரையே காணோம். போன்ல மெசேஜ் வருது. மூணாம் நாள் டப்புன்னு பெட்டி சிவப்பு.

போன வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு எதிர் வரிசை முழுக்க இருட்டு. வெண்கலம் வீடும் போச்சு, ரெண்டு நாள்ல எப்படியோ புரட்டிக் கட்டினா.

ஆனா எங்க வீடு மட்டும் போகலை. நானும்தான் கட்டலை. ஒரு மாசமாச்சு. முதல்ல எல்லாரும், "அதிர்ஷ்டக்காரி, உனக்கு மட்டும் பெட்டி கெட்டுப்போய் வந்திருக்கு"ன்னு கிண்டல் பண்ணினாங்க. இப்போ கிண்டல் குறைஞ்சிருக்கு. நேத்து குழாயடியில நான் போனதும் பேச்சு நின்னுடுச்சு.

என் பெட்டியில ஏதாவது கோளாறான்னு பார்த்துச் சொல்லேன். கம்பெனிக்கு நானே போன் பண்ணிக் கேக்கட்டுமா?

மாமாவுக்கு இடுப்பு தேவலை. பெரியவளுக்கு ஸ்கூல் கட்டணம் இன்னும் கட்டலை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அவசரமா எழுதுறேன்.

கம்பெனிக்குப் போன் பண்ணாதே. யார்கிட்டயும் சொல்லாதே. ஏதோ மெஷின் கோளாறுதான், நான் பார்த்துக்குறேன். வெளிச்சம் இருக்குல்ல, இருக்கட்டும். ஜன்னல்ல திரை இருந்தா ராத்திரி போட்டுக்கோ.

மூணு நாள் கெடுங்கிறது புதுசா வந்தது. பணம் குடுத்தவங்க போட்ட நிபந்தனை. வசூல் ஒரு அளவுக்குக் கீழே போனா அவங்க எங்களுக்குத் தர்ற பணத்துக்கு வட்டி ஏறிடும். பணம் பெருசானதும் பொறுமை சின்னதாயிடுச்சு, நான் என்ன பண்ணட்டும்? இதுல என் கையில ஒண்ணும் இல்லை.

மாத்திரை போடுறியா? பிரஷர் பார்த்தியா? மாமாவைக் கேட்டதாச் சொல்லு.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பேன்னு நினைக்கிறேன்.

நீ சொன்னபடி ஜன்னலுக்குத் திரை போட்டேன். சாதாரணத் துணியில வெளிச்சம் தெரிஞ்சுது. அதனால யூனிஃபார்ம் பாவாடைக்கு வந்த கருநீலத் துணியில ரெண்டு மடிப்பு வச்சுத் தைச்சேன். கதவு இடுக்குலயும் அடைச்சேன். இப்போ வெளியில இருந்து பார்த்தா எங்க வீடும் மத்த வீடு மாதிரிதான்.

வெண்கலத்தோட முட்டை எல்லாம் போச்சுடா.

போன வாரம் சாயங்காலம் அவ பெட்டி மறுபடி சிவப்பாயிடுச்சு. பொரிக்கிற சமயம். ஓட்டுக்குள்ளே இருந்து கீச் கீச்சுன்னு சத்தம் வர ஆரம்பிச்சிருந்துதாம். அறுபதும் குளிர்ந்துபோச்சு. மழை வேற. கம்பளியைப் போர்த்தியிருக்கா, வெந்நீர்ப் பாத்திரத்தைப் பக்கத்துல வச்சிருக்கா, ஒண்ணும் ஆகலை. காலையில கொல்லைப்பக்கம் குழி தோண்டினா.

அன்னைக்கு எங்க வீட்டுக் கதவைத் தட்டினாளாம். நான் சீக்கிரமே படுத்துத் தூங்கிட்டேன், எனக்குத் தெரியலை.

மனசு சரியில்லை.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கோ. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. நீயும் மாமாவும் பெரியவளும் எப்படி இருக்கீங்க?

உன்கிட்ட மறைச்சுட்டேன்கா. என் வேலை கணக்கு இல்லை. பெட்டியைச் சிவப்பாக்குறதுதான் என் வேலை. தினமும் சாயங்காலம் ஒரு பட்டியல் வரும். மூணு நாள் தாண்டினவங்க. நான் பார்த்துட்டு ஒரு பட்டனை அமுக்குவேன். எங்கேயோ இருக்கிற வீடுங்க இருட்டாகும். நான் பையை எடுத்துட்டு டீ குடிக்கக் கீழே இறங்குவேன். முதல் ரெண்டு மாசம் தூக்கம் வரலை. அப்புறம் வந்துடுச்சு. வந்ததுதான் எனக்கே கேவலமா இருக்கு.

ஜூன்ல ஒரு நாள் பட்டியல்ல உன் வீடு வந்துச்சு. உன் பேருக்கு முன்னாடி என் கை நின்னுடுச்சு. கடையில, கண்காட்சியில எல்லாம் வாங்க வர்றவங்களுக்குக் காட்ட மாதிரிப் பெட்டின்னு சிலது வச்சிருக்கோம். அதுக்குத் தவணையே கிடையாது, சிவப்பும் ஆகாது. உன் பெட்டியை அந்தக் கணக்குல தள்ளிவிட்டேன். அரை நிமிஷ வேலை. அதே பட்டியல்ல உனக்கு மேலேயும் கீழேயும் இருந்தது நம்ம சந்துதான். அவங்களை எல்லாம் அமுக்கினேன்.

வெண்கலம் அக்கா வீட்டை ஆகஸ்ட்ல அமுக்கினதும் நான்தான். முட்டை இருக்குன்னு எனக்குத் தெரியும், நீதான் எழுதியிருந்தே. அந்த நேரத்துல ஞாபகம் வரலை. வந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலை.

எந்தப் பெட்டி எந்த நேரத்துல எவ்வளவு கரண்ட் எடுத்துச்சுன்னு எங்க திரையில தெரியும். அன்னைக்கு நீ தூங்கிட்டதா எழுதியிருக்கே. சரி.

திட்டணும்னா திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

தம்பி


செப்டம்பர் 26

டேய்,

நலம் விசாரிக்கிற மனநிலையில நான் இல்லை.

நீ எனக்கு நல்லது பண்ணினியா, இல்லை சந்துல இருந்து என்னை வெட்டி விட்டியா? "அவ தம்பி கம்பெனி ஆளு, நம்ம தலையில கட்டிட்டு அவ மட்டும் சொகுசா இருக்கா"ன்னு பேசுறாங்கடா. பேசுறது அத்தனையும் நிஜம்னு எனக்கு இப்போ தெரியுது. குழாயடிக்குப் போய் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறது?

நீ "சரி"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கே பாரு, அதைவிட என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

நான் தூங்கலை. உனக்குத்தான் தெரியுமே. தச்சுக்கிட்டு இருந்தேன். கதவு தட்டுற சத்தம் கேட்டுது. "ஏண்டி, முழிச்சிருக்கியா? முட்டையை மட்டும் கொஞ்சம் வச்சுக்கிறியா?"ன்னு கேட்டா. அவ தொண்டை தெருவுக்கே கேக்கும். அன்னைக்கு மட்டும் ரகசியம் மாதிரி மெதுவாக் கூப்பிட்டா. ஏன்னு அப்போ புரியலை. எங்க வீட்டுல வெளிச்சம் இருக்குன்னு மத்தவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எனக்காகத்தான் அப்படிக் கூப்பிட்டிருக்கா. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

நான் மோட்டாரை நிறுத்தினேன். விளக்கை அணைச்சேன். பெரியவ ஏதோ கேக்க வந்தா, அவ வாயைப் பொத்தினேன். என் பொண்ணு வாயை என் கையாலே பொத்தினேன்டா. நீ யார்கிட்டயும் சொல்லாதேன்னு எழுதினது ஒண்ணுதான் மண்டையில ஓடுது. உனக்கு வேலை போயிடுமோன்னு பயம், எனக்கு வெளிச்சம் போயிடுமோன்னு பயம். எது பெருசுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவ இன்னொரு தடவை தட்டினா. அப்புறம் முட்டைத் தட்டோட திரும்பிப் போற காலடிச் சத்தம். சேத்துல வழுக்கிடக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து வைக்கிற காலடி. அவ கதவு சாத்தினதும் நான் எழுந்து விளக்கைப் போட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. ஜூலையில துணிக்கடைக்காரர் பாக்கியைக் குடுத்துட்டார். தவணை கட்டியிருக்கலாம். கட்டாமலே எரியுதுன்னா யாருக்குத்தான் கட்டத் தோணும்? பெரியவ கட்டணத்துக்குப் போட்டுட்டேன்.

என் பெட்டியை அணைச்சுடு. சந்துல எல்லாரையும் பச்சையாக்க உன்னால முடியாதுன்னா, என்னையும் சிவப்பாக்கு. இந்த வெளிச்சத்துல எனக்கு ஊசி கோக்க முடியலை.

சாப்பிட்டியான்னு கேக்காம முடிக்க மனசு வரலை. சாப்பிடு.

அக்கா


அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுறேன். நீ மாத்திரையை விட்டுடாதே.

என்னால அமுக்க முடியலைக்கா. மூணு நாள் உன் புள்ளி மேலே விரலை வச்சு வச்சு எடுத்தேன். உனக்கு இப்போதான் யூனிஃபார்ம் வேலை ஒழுங்கா வந்துக்கிட்டு இருக்கு. ஒரு மாசம் மெஷின் நின்னா அந்தக் கடைக்காரர் வேற ஆளைப் பார்த்துக்குவார். பெரியவளுக்குப் பரீட்சை வேற.

உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்றேன். அந்தப் பணம் வரப்போகுதுங்கிற நம்பிக்கை இல்லைன்னா நம்ம சந்துக்குப் பேனலே வந்திருக்காது. கம்பத்துக்குக் காத்திருந்து பெரியவளுக்கும் தலை நரைச்சிருக்கும். ஊர் பேர் தெரியாதவங்க நம்ம கூரையை நம்பிப் பணம் குடுக்குறாங்கன்னா, அந்தச் சிவப்பு இருக்கிற தைரியத்துலதான் குடுக்குறாங்க. சிவப்பு இல்லைன்னா பச்சையும் இல்லை. எங்க மேனேஜர் இப்படித்தான் சொல்வார். அவர் சொல்றப்போ நானும் தலையாட்டுவேன். உனக்கு எழுதுறப்போ கை கூசுது.

மழைக்காலத்துல மட்டும் கெடுவை நீட்டிக் குடுக்கலாம், மழை விட்டதும் சேர்த்து வாங்கிக்கலாம்னு ஒரு யோசனை எழுதிக் குடுத்தேன். மேனேஜர் படிச்சுட்டு, "நல்லாத்தான் இருக்கு. யார் சொந்தக்காரங்க வீட்டுல சிவப்பு எரியுது?"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அடுத்த மாசக் கூட்டத்துல வைக்கிறேன்னார்.

அதுவரைக்கும் பொறுத்துக்கோக்கா.

தம்பி


நவம்பர் 3

தம்பிக்கு,

இருக்கோம்.

நீ அணைக்கலை. நானே அணைச்சுப் பார்த்தேன். சுவிட்சைத் தட்டிட்டு ரெண்டு நாள் இருட்டுல உட்கார்ந்தேன். அது என்னவோ நாடகம் மாதிரி இருந்துச்சு. பெட்டியில பச்சை எரிஞ்சுக்கிட்டே இருக்கு, நான் போடாம உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதானே. மூணாம் நாள் கடைக்காரர் அவசரம்னு ஆள் அனுப்பினார். போட்டுட்டேன். உன் அக்காவோட வீரம் அவ்வளவுதான்.

வெண்கலம்கிட்ட போனேன். என் வீட்டுல இருந்து ஒரு ஒயர் இழுத்துக்கோடி, உன் பெட்டிக்குச் சூடு போதும்னு சொன்னேன். அவ முறத்துல இருந்து தலையைத் தூக்கலை. "உங்க வீட்டு வெளிச்சம் உங்களுக்கே இருக்கட்டும்"னா. உங்களுக்கேன்னு சொன்னாடா. இத்தனை வருஷத்துல அவ என்னை ங்க போட்டுப் பேசினதில்லை.

அன்னைக்கு நான் முழிச்சிருந்தேன்னு அவகிட்ட சொல்லணும்னுதான் போனேன். வாய் வரை வந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா


நவம்பர் 28

அக்கா,

எல்லாரும் சுகமா? எனக்கு வயித்துவலி மறுபடி வந்திருக்கு. அதை விடு.

உன் பெட்டி திங்கட்கிழமை சாயங்காலம் சிவப்பாகியிருக்கும். அமுக்கினது நான்தான். நீ கேட்டதுக்காக அமுக்கினேன்னு எழுதிடலாம், நீயும் நம்பிடுவே. ஆனா அது பொய்.

பணம் குடுத்தவங்க அனுப்பின தணிக்கைக்காரங்க வந்திருந்தாங்க. மாதிரிப் பெட்டி ஒவ்வொண்ணும் எந்தக் கடையில இருக்குன்னு காட்டச் சொன்னாங்க. உன்னோடது கடையில இல்லை, ஒரு சந்துல இருக்கு. ஒரு மாதிரிப் பெட்டி இப்படித் தினமும் மெஷின் ஓட்டுமான்னு கேட்டாங்க. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இது உங்க ஊர்ப் பக்கமாச்சே. தெரிஞ்சவங்க வீடா?"

"இல்லை சார். யாருன்னு தெரியாது. பதிவுல ஏதோ தப்பு நடந்திருக்கு"ன்னு சொன்னேன்.

உன்னை யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன்கா. குரல்கூட நடுங்கலை. "அப்போ சரி பண்ணிடு"ன்னார். அவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கும்போதே உன்னைச் சாதாரணக் கணக்குக்கு மாத்தினேன். ஆறு மாசப் பாக்கி மொத்தமா ஏறிச்சு. உடனே சிவப்பு. கீழே போய் டீ வாங்கினேன். குடிக்க முடியலை.

மழைக்காலக் கெடு பத்தின என் யோசனையை ஏத்துக்கிட்டாங்க. எனக்குக் கை தட்டினாங்க. ஆனா இனிமே புதுசா வாங்குறவங்களுக்கு மட்டும்தானாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவங்களுக்கு இந்த மூணு நாள் கெடுதான். நம்ம சந்து பழைய கணக்கு.

நீ இனிமே லெட்டர் போடலைன்னாலும் எனக்குப் புரியும்.

தம்பி


டிசம்பர் 9

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். எல்லாரும் சுகம்தான். உன் வயித்துவலிக்கு டாக்டர்கிட்ட போ, மருந்துக்கடையில கேட்டு வாங்கிப் போட்டுக்காதே. பகல் வெளிச்சத்துல வாசல்ல உட்கார்ந்து எழுதுறேன், கையெழுத்து கோணலா இருந்தா அது வெயில் கூசுறதாலே.

என்னைத் தெரியாதுன்னு சொன்னதைப் படிச்சதும் அழுதேன். லெட்டரை மடிச்சு ஒளிச்சு வச்சேன், மாமாகிட்ட காட்டலை. உன்னை ஆசை தீரத் திட்டணும்னு பேப்பரை எடுத்தேன். எழுத வரலை. கதவைத் தட்டினவளைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தவதானே நான். அந்த வாயாலே உன்னை என்னன்னு திட்டுறது?

திங்கட்கிழமை நடந்ததைச் சொல்றேன். ஒரு பாவாடைக்கு மடிப்பு தச்சுக்கிட்டு இருந்தேன், மோட்டார் இழுத்துக்கிட்டு நின்னுது, விளக்கு போச்சு. திரும்பிப் பார்த்தா பெட்டியில சிவப்பு. சத்தியமாச் சொல்றேன், பாதிப் பாவாடை ஊசியில மாட்டிக்கிட்டு இருக்கு, மறுநாள் காலையில குடுத்தாகணும், ஆனா எனக்கு நெஞ்சுல இருந்து ஒரு கல்லை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. எழுந்து போய் அந்தக் கருநீலத் திரையைக் கழட்டினேன். கதவைத் திறந்து போட்டேன். எதிர் வீட்டுல பார்த்தாங்க, குசுகுசுன்னாங்க, உள்ளே போயிட்டாங்க.

கடைக்காரர் வேலையை வேற இடத்துக்கு மாத்திட்டார். அது போச்சு. மறுபடி மெஷினை மிதிச்சுத்தான் தைக்கிறேன், சில்லறை வேலை வருது. மாமா வந்ததும் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாம்னு சொல்லியிருக்கார். நீ அனுப்பாதே. அனுப்பினா திருப்பி அனுப்புவேன்.

வெண்கலம் நாலு நாள் கழிச்சு வந்தா. வாசல்ல நின்னா. "போயிடுச்சா?"ன்னா. போயிடுச்சுன்னேன். உள்ளே வந்து மெஷின் பக்கத்துல தரையில உட்கார்ந்தா. இருட்டிக்கிட்டு வந்துச்சு. மண்ணெண்ணெய் விளக்கை ஏத்தப் போனேன், வேண்டாம் உட்காருன்னா. முகம் தெரியாத நேரத்துல சொன்னாத்தான் சொல்ல முடியும்னு தோணிச்சு.

"அன்னைக்கு நான் தூங்கலைடி."

"தெரியும்."

"விளக்கை நான்தான் அணைச்சேன்."

"அதுவும் தெரியும். நீ அடைச்ச கதவு இடுக்குலயும் வெளிச்சம் கசிஞ்சுது, அதைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்னேன். நான் கூப்பிட்டதும் போச்சு."

நாலு மாசமா அவ அதை மனசுல வச்சுக்கிட்டு என் பக்கத்து வீட்டுல இருந்திருக்கா. பட்டனை அமுக்கினது என் தம்பிதான்னும் சொல்லிட்டேன். உன்கிட்ட கேக்காம சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ, இனிமே என்னால எதையும் மூடி வைக்க முடியாது. "அவனுக்கு நான் யாரோ. நீ எனக்கு யாருடி?"ன்னு கேட்டா. அதுக்கப்புறம்தான் அழுதா. ஓட்டுக்குள்ளே கத்தின சத்தம் இன்னும் காதுல இருக்குன்னா. நான் அவ காலைப் பிடிச்சேன், உதறிட்டா. திரும்பப் பிடிச்சேன், விட்டுட்டா.

மன்னிச்சுட்டேன்னு அவ சொல்லலை. சொல்ற ஆளும் இல்லை. போறப்போ வாசல்ல நின்னு சொன்னா: "இனிமே உன் வீட்டுக் கதவைத் தட்ட மாட்டேன்டி. தள்ளிட்டு உள்ளே வந்துடுவேன்."

அன்னையில இருந்து நான் தாழ்ப்பாள் போடுறதில்லை. லீவு போட்டுட்டு ஒரு தடவை வா. நீயும் தட்டாதே.

அக்கா